நரம்புக்கலத்தில் புரதச் சிதைவும் நரம்புப் பாதிப்பும்
(க.பொ.த. உயர்தரம் – உயிரியல்: நரம்புத் தொகுதி அலகுக்கான துணை விளக்கம்)



நரம்புக்கலத்தின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் பெரும்பாலானோர் முழுப் புள்ளியையும் பெற்றுவிடுவீர்கள். ஆனால் "நரம்பு பாதிக்கப்படும்போது முதலில் கால் பாதம் செயலிழப்பது ஏன்?" என்று கேட்டால் பேனா நின்றுவிடும். இவ்வினாவுக்கான விடை படத்திலேயேதான் இருக்கின்றது. அதைக் காண்பதற்கு, நரம்புக்கலத்தினுள் புரதங்கள் எங்கே ஆக்கப்படுகின்றன, எவ்வாறு எடுத்துச் செல்லப்படுகின்றன, எப்போது உடைக்கப்படுகின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும். இதனை நமது நாட்டில் நடந்த உண்மைச் சம்பவம் ஒன்றைக் கொண்டு விளங்கிக் கொள்வோம்.

மலையகத்தில் நடந்தது

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையின் வெவ்வேறு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்ட இளம் பெண்கள் ஒரே விதமான நோயினால் பாதிக்கப்பட்டனர். கைகால்களின் நுனிப்பகுதித் தசைகள் பலமிழந்தன. நடக்கும்போது பாதத்தை மேலே தூக்க முடியாமல் அது தொங்கியது. தொற்றுநோய் என்று கொள்வதற்கு இடமில்லை. ஒரே வீட்டில் வாழ்ந்த ஆண்களுக்கோ வயது வந்தோருக்கோ இது பரவலாக ஏற்படவில்லை. பாதிக்கப்பட்டோர் யாவரும் அண்மையில் பெரியபிள்ளையான தமிழ்ச் சிறுமியர் என்பதே துப்பாக அமைந்தது.

பெரியபிள்ளையான பெண்ணுக்குச் சத்துணவாக நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கம் உங்களுக்குப் புதிதன்று. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என எமது கரையோர ஊர்களிலும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்த கதையை உம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ கேட்டுப் பாருங்கள். மலையகச் சிறுமியருக்கும் அவ்வாறே எண்ணெய் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த எண்ணெயில் ட்ரைகிரெசைல் பொசுபேற்று என்னும் சேர்வை கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டு சென்றமையால் இக்கலப்பு நேர்ந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். நிமால் சேனாநாயக்க, ஜே. ஜெயரத்தினம் ஆகியோர் இதனை 1981இல் "லான்செட்" மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதே ஆண்டில் சேனாநாயக்க, இச்சிறுமியரை மூன்றாண்டுகள் தொடர்ந்து அவதானித்த அறிக்கையையும் வெளியிட்டார்.

இங்கே குற்றம் நல்லெண்ணெயில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எள்ளில் இந்நஞ்சு கிடையாது. ட்ரைகிரெசைல் பொசுபேற்று உராய்வுநீக்கி எண்ணெய்களிலும் பிளாத்திக்குக் கைத்தொழிலிலும் பயன்படும் ஓர் எண்ணெய்த் தன்மையான திரவம். அதற்கு நிறமோ மணமோ சுவையோ சொல்லும்படியாக இல்லை. உணவெண்ணெயில் கலந்தால் நாக்கு காட்டிக் கொடுக்காது. அதுதான் இதன் ஆபத்து.

இச்சம்பவத்தில் மூன்று விடயங்கள் விளக்கத்தை வேண்டி நிற்கின்றன. இந்நஞ்சு உட்சென்று ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழிந்த பின்னரே பலவீனம் தோன்றும். ஏன் இவ்வளவு தாமதம்? பாதமும் கையும் பாதிக்கப்பட, தொடையும் தோளும் பெரும்பாலும் தப்பியது ஏன்? காலப்போக்கில் ஒரு பகுதி குணமடைய, வேறொரு பகுதி குணமடையாதது ஏன்? மூன்றுக்கும் விடை ஒன்றோடொன்று பின்னியது.

ஒரு மீற்றர் நீளமான கலம்

காலின் தசையை இயக்கும் இயக்க நரம்புக்கலத்தின் கலவுடல் முண்ணாணின் கீழ்ப்பகுதியில் உள்ளது. அதன் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவே வரும். ஆனால் அதிலிருந்து புறப்படும் நீண்ட நார், அதாவது அக்சன், பாதம் வரை ஏறக்குறைய ஒரு மீற்றர் செல்கின்றது. கலவுடலை ஒரு தேசிக்காய் அளவுக்குப் பெருப்பித்தால் அக்சன் அரைக் கிலோமீற்றர் வரை நீளும். நமது உடலில் இதைப்போல் வடிவம் கொண்ட வேறு கலம் இல்லை.

புரதத்தொகுப்பு நடைபெறுவது இறைபோசோம்களில் என்பது உங்களுக்குத் தெரியும். நரம்புக்கலத்தில் அவை பெரும்பாலும் கலவுடலிலேயே செறிந்துள்ளன. நுணுக்குக்காட்டியில் நிசில் துணிக்கைகளாகத் தெரிவது இறைபோசோம்கள் ஒட்டிய அகமுதலுருச் சிறுவலையே. அக்சனில் நிசில் துணிக்கைகள் இல்லை. அக்சனிலும் சிறிதளவு புரதத்தொகுப்பு நிகழ்வதாக இன்று அறியப்பட்டுள்ளது. எனினும் அதன் தேவையின் பெரும்பகுதி கலவுடலிலிருந்தே வந்து சேர வேண்டும். பரவல் மூலம் ஒரு மீற்றர் தூரத்துக்குப் புரதத்தை அனுப்புவது நடவாத காரியம். எனவே அக்சனின் நீளத்துக்கு நுண்புன்குழாய்கள் தண்டவாளம் போல் அமைந்துள்ளன. ஏ.ரீ.பி.யின் சக்தியைச் செலவிட்டு, கைனெசின் போன்ற இயக்கிப் புரதங்கள் சரக்கைச் சுமந்து அவற்றின் மீது செல்கின்றன.

இப்போது ஒரு சிறு கணக்கு. கொப்பியில் நீங்களே செய்து பாருங்கள். சவ்வுப் புடகங்கள் போன்றவை விரைவாகக் கடத்தப்படும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 மி.மீ. வரை செல்லும். ஒரு மீற்றரைக் கடக்க இரண்டரை நாள். ஆனால் குழியவன்கூட்டை ஆக்கும் நரம்பிழைப் புரதங்கள் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றரோ அதற்குக் குறைவாகவோதான் நகரும். 1000 மி.மீ. செல்ல 1000 நாட்கள், அதாவது மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம்! இன்று உங்கள் பெருவிரலின் அருகே நரம்புமுனையைத் தாங்கி நிற்கும் இழை, நீங்கள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் முண்ணாணில் ஆக்கப்பட்டதாக இருக்கலாம்.

இதிலிருந்தே இரண்டாவது வினாவுக்கான விடை புலப்படுகின்றது. வழங்கல் குறைந்தாலோ, அக்சனின் பராமரிப்பு குழம்பினாலோ, மிக நீண்ட அக்சன்களின் மிகத் தொலைவான முனைகளே முதலில் நலிவடையும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைக்கோடி வயல்தான் முதலில் காயும். கல்லோயாத் தண்ணீரை நம்பி வேளாண்மை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. நீரிழிவு நோயாளருக்கும் பாதத்திலிருந்தே விறைப்பு ஆரம்பிப்பது பெரும்பாலும் இதே காரணத்தால்தான், அங்கே சிறு குருதிக் கலன்களின் பாதிப்பும் சேர்ந்துகொண்டாலும்.

புரதச் சிதைவு கெட்டதா?

"புரதச் சிதைவு" என்றதும் அதை நோயாகவே எழுதிவிடும் மாணவர் பலர். அது தவறு. ஆரோக்கியமான நரம்புக்கலத்திலும் புரதங்கள் ஒவ்வொரு கணமும் உடைக்கப்படுகின்றன. பழுதடைந்த புரதத்துக்கு யுபிக்குயிற்றின் என்னும் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படுகின்றது. அடையாளம் பெற்ற புரதம் புரோட்டியசோம் என்னும் கட்டமைப்பினுள் சிறு துண்டுகளாக வெட்டப்படுகின்றது. இதைக் கண்டறிந்தமைக்காக ஆரொன் சீக்கனோவர், அவ்ராம் ஹேர்ஷ்கோ, ஏர்வின் றோஸ் ஆகிய மூவருக்கும் 2004இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நரம்புக்கலங்கள் பெரும்பாலும் பிரிவடைவதில்லை. பிரிவடையும் கலங்களைப் போல் கழிவைப் பங்கிட்டுக் குறைத்துக்கொள்ள அவற்றால் இயலாது. ஆகவே இந்தத் துப்புரவு குறைந்தால் பிறழ்வான புரதங்கள் திரளும். அல்சைமர், பார்க்கின்சன் நோய்களில் இத்தகைய திரள்களைக் காண்கிறோம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். முட்டையை அவிக்கும்போது அதன் புரதம் இயல்பிழக்கின்றது. வடிவம் மாறுகிறது, ஆனால் பெப்தைட்டுப் பிணைப்புகள் அறுவதில்லை. புரதச் சிதைவில் புரதப்பகுப்பு நொதியங்கள் பெப்தைட்டுப் பிணைப்புகளை நீர்ப்பகுப்புச் செய்கின்றன. ஒன்றுக்குப் பதிலாக மற்றையதை எழுதினால் புள்ளி கிடைக்காது.

ஆகவே கேட்க வேண்டியது, சிதைவு கட்டுப்பாட்டுக்குள் நடக்கிறதா, கட்டுமீறி நடக்கிறதா என்பதே.

கல்சியம் என்னும் திறவுகோல்

கலத்துக்கு வெளியே கல்சியம் அயன்களின் செறிவு, உள்ளே இருப்பதைப் போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. முதலுரு மென்சவ்விலுள்ள பம்பிகள் ஏ.ரீ.பி.யைச் செலவிட்டு இந்த வேறுபாட்டைப் பேணுகின்றன. குழியவுருவில் கல்பெயின் என்னும் புரதப்பகுப்பு நொதியம் உள்ளது. கல்சியம் குறைவாக உள்ளவரை அது பெரும்பாலும் அடங்கியே இருக்கும். மென்சவ்வு சேதமுற்றாலோ ஏ.ரீ.பி. குறைந்தாலோ கல்சியம் உட்புகும், கல்பெயின் உயிர்ப்படையும். உயிர்ப்படைந்ததும் அது நரம்பிழைப் புரதங்களையும், நுண்புன்குழாய்ப் புரதங்களையும், மென்சவ்வின் உட்புறத்தைத் தாங்கும் புரதங்களையும் வெட்டத் தொடங்கும்.

விளைவு என்ன? நரம்பிழைகளே பெரிய அக்சன்களின் விட்டத்தைத் தீர்மானிப்பவை. விட்டம் குறைந்தால் கணத்தாக்கம் கடத்தப்படும் வேகம் குறையும். நுண்புன்குழாய்கள் உடைந்தால் தண்டவாளம் அறுந்தது போலாகி, இழைமணிகளும் புடகங்களும் வழியிலேயே தேங்கும். இழைமணி சேராத இடத்தில் ஏ.ரீ.பி. இல்லை, ஏ.ரீ.பி. இல்லாவிடில் சோடியம்–பொற்றாசியம் பம்பி இயங்காது. ஓய்வு அழுத்தம் பேணப்படாது. தாக்க அழுத்தம் உருவாகாது. ஈற்றில் அக்சன் மணிமணியாகத் துண்டுபட்டு அழிகின்றது. நரம்பு முனையிலிருந்து அசற்றைல்கோலின் வெளிவராததால் தசைக்குக் கட்டளை கிடைப்பதில்லை. தசையும் மெலிகின்றது. தசை நன்றாக இருந்தும் பயனில்லாமற் போவதற்குக் காரணம் இதுவே.

நரம்பொன்று வெட்டப்படும்போது, வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதி முழுவதும் அழிவதை ஓகஸ்டஸ் வோலர் 1850இல் தவளையின் நாக்கு நரம்புகளில் காட்டினார். நெடுங்காலமாக இது பட்டினிச் சாவு என்றே கருதப்பட்டது. இன்றைய அறிவு இதை மாற்றிவிட்டது. கலவுடலிலிருந்து இடையறாது வந்துகொண்டிருக்க வேண்டிய ஒரு புரதம் உண்டு, என்.எம்.என்.ஏ.ரி.-2 என்பது அதன் பெயர். சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும் தன்மை கொண்டது. வழங்கல் நின்றதும் இது தீர்ந்துபோக, சாம்-1 என்னும் மற்றொரு புரதம் விழித்தெழுந்து அக்சனின் சக்தி வளத்தை அழிக்கின்றது. பின்னர் கல்சியம் உட்புகுந்து கல்பெயின் வெட்டுகின்றது. அதாவது அக்சன் வெறுமனே பட்டினியால் சாவதில்லை, தன்னை அழிக்கும் ஒழுங்கைத் தானே தொடக்கிவிடுகின்றது. இப்பெயர்கள் பாடத்திட்டத்தில் இல்லை; மனனஞ் செய்ய வேண்டாம்.

எண்ணெயில் கலந்த நஞ்சு செய்தது

இனி மலையகச் சிறுமியரிடம் திரும்புவோம். உட்கொண்ட நஞ்சு ஈரலில் மாற்றமடைந்து, மேலும் தாக்குதிறன் மிக்க சேர்வையாகின்றது. அது நரம்புக்கலத்திலுள்ள ஒரு குறித்த நொதியத்துடன் பிணைகின்றது. "நரம்பியல் நஞ்சின் இலக்கான எசுத்தரேசு" என்று பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டுள்ளது. மென்சவ்விலுள்ள பொசுபோஇலிப்பிட்டுகளின் பராமரிப்பில் இதற்குப் பங்குண்டு. நஞ்சு இந்நொதியத்தின் உயிர்ப்பு மையத்திலுள்ள செரின் என்னும் அமினோ அமிலத்துடன் பங்கீட்டுவலுப் பிணைப்பால் இணைகிறது. பின்னர் நஞ்சின் ஒரு கூட்டம் கழன்றுபோய் மறை ஏற்றம் ஒன்று எஞ்சுகிறது. அதன்பின் பிணைப்பை மீட்க முடியாது. இதுவே மீளா நிரோதம்.

இந்த ஆய்வுகளுக்கு எலிகளைவிடக் கோழிகளே பெரிதும் பயன்பட்டன. எலிகளில் இந்நோய் தெளிவாகத் தோன்றுவதில்லை. கோழிகளில் இந்நொதியத்தின் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேல் நிரோதிக்கப்பட்டால், சில வாரங்களில் கால் தளரும். நொதியம் முடக்கப்படுவது சில மணி நேரத்தில்; கால் தளர்வது வாரங்கள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் மென்சவ்வும் கடத்தலும் படிப்படியாகக் குழம்புகின்றன. அக்சனில் கல்சியத்தின் சமநிலை தவறுகிறது. கல்சியத்தால் தூண்டப்படும் புரதப்பகுப்பு உயர்கிறது. நீண்ட அக்சன்களின் முனைகள் உதிர்கின்றன. தாமதத்துக்கான விளக்கம் இதுதான். வீட்டார் எண்ணெயைச் சந்தேகிக்காதிருந்ததற்கும் இத்தாமதமே காரணமாயிருக்கலாம். காலையில் குடித்து மாலையில் விழுந்திருந்தால் யாரும் போத்தலைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள்.

இதே சேர்வை 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயம் ஒன்றில் கலக்கப்பட்டுப் பல்லாயிரக்கணக்கானோரை முடமாக்கியது. 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயுடன் கலந்து விற்றதால் ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டனர்.

எது மீளும், எது மீளாது?

சுற்றயல் நரம்புத் தொகுதியில் அக்சன் அழிந்தாலும் கலவுடல் உயிருடன் இருந்தால் நம்பிக்கை உண்டு. நிசில் துணிக்கைகள் கலைந்து, கலவுடல் வளர்ச்சிக்கு வேண்டிய புரதங்களை ஆக்கத் தொடங்கும். சுவான் கலங்கள் பழைய மயலின் சிதைவுகளை அகற்ற உதவி, வரிசையாக நின்று பாதை அமைக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதம் அக்சன் மீண்டும் வளரும். மெதுவாகக் கடத்தப்படும் புரதங்களின் வேகமும் இதுவே என்பதைக் கவனித்தீர்களா? தற்செயல் அல்ல, புதிய அக்சனைக் கட்டும் பொருள் வந்துசேரும் வேகத்தை மிஞ்சி அக்சன் வளர இயலாது.

மைய நரம்புத் தொகுதியில் நிலைமை வேறு. அங்கே சுவான் கலங்கள் இல்லை; மயலினை ஆக்கும் கலங்கள் வேறு வகையின. அவற்றின் சில புரதங்கள் அக்சனின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. மூளையிலிருந்து முண்ணாண் வழியே இறங்கும் நீண்ட அக்சன்களையும் இந்நஞ்சு தாக்கும். ஆரம்பத்தில் இது வெளித்தெரியாது. ஏனெனில் சுற்றயல் நரம்பே செயலிழந்திருக்கும்போது தசை தளர்ந்தே கிடக்கும். சுற்றயல் நரம்பு குணமடையத் தொடங்கியதும், மூளையின் கட்டுப்பாடு குறைந்த தெறிவினைகள் மிகைப்பட்டு, கால் விறைப்பாக மாறுவதுண்டு. குணமடைதலே மறைந்திருந்த பாதிப்பை வெளிக்காட்டுகிறது! மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அவதானிப்பதன் தேவை இங்கேதான் விளங்கும்.

வயல் மருந்துடன் குழப்பிக் கொள்ளாதீர்கள்

நமது பகுதி வயல்களில் நீண்டகாலம் தெளிக்கப்பட்ட சேதனப் பொசுபரசுப் பூச்சிநாசினிகளும் இரசாயன அமைப்பில் இந்நஞ்சின் உறவினரே. ஆனால் அவை முதன்மையாகத் தாக்குவது அசற்றைல்கோலினெசுத்தரேசு என்னும் வேறொரு நொதியத்தை. நரம்பிணைப்பில் அசற்றைல்கோலின் உடைக்கப்படாமல் தேங்க, உமிழ்நீர் பெருகுதல், கண்மணி சுருங்குதல், தசைத்துடிப்பு என்பன விரைவில், பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள், தோன்றும். இங்கே அக்சன் சிதையவில்லை; நரம்பிணைப்பில் சமிக்ஞை நிற்காமல் தொடர்வதே பிரச்சினை. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது நிலையொன்றும் உண்டு. நஞ்சூட்டலின் பின் 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் கழுத்துத் தசைகளும் சுவாசத் தசைகளும் பலமிழக்கும் இந்நிலையை "இடைநிலைக் குறித்தொகுதி" எனப் பெயரிட்டு 1987இல் உலகுக்கு அறிவித்தவர்கள் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும். பத்து நோயாளரை வைத்து இலங்கையில் செய்த அவதானிப்பு அது. உலகெங்கும் மருத்துவ மாணவர் இன்று இதைப் படிக்கின்றனர். முதல் நாள் தேறிவிட்டார் என்று நோயாளியை வீட்டுக்கு அழைத்து வரக்கூடாது என்பதற்கும், வெறுமையான மருந்துப் போத்தலில் எண்ணெய் வாங்கக் கூடாது என்பதற்கும் உயிரியல் காரணம் கேட்டால், இப்போது உங்களால் எழுத முடியும்.

விடையெழுதும்போது

கட்டுரை வினாவில் "நரம்பு பாதிக்கப்படும்" என்று மொட்டையாக எழுதுவோருக்குப் புள்ளி குறையும். எந்தப் பகுதி, எந்தப் புரதம், எந்தத் தொழில் என்று சங்கிலியாகத் தொடுத்து எழுதுங்கள். காரணத்தையும் விளைவையும் "ஆகவே", "இதனால்" என்னும் சொற்களால் இணையுங்கள். அக்சனின் படம் வரைந்தால் நுண்புன்குழாய்களின் திசையை அம்புக்குறியால் காட்டுங்கள்.

பயிற்சி வினா

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குச் செல்லும் நரம்பு ஒருவருக்கு விபத்தில் வெட்டுண்டு, உடனே தைத்து இணைக்கப்பட்டது. வெட்டுண்ட இடத்திலிருந்து குறித்த தசை வரையான தூரம் 120 மி.மீ. ஆகும்.

(அ) வெட்டுக்கு அப்பாலுள்ள அக்சனில் முதல் சில நாட்களில் நிகழும் மாற்றங்களைக் கல்சியம், கல்பெயின், நரம்பிழைப் புரதம் ஆகியவற்றைத் தொடர்புபடுத்தி விளக்குக.

(ஆ) அக்சன் அத்தசையை மீண்டும் அடைவதற்கு எடுக்கும் காலத்தை அண்ணளவாகக் கணிக்க. உண்மையில் இதைவிடக் கூடுதலான காலம் எடுக்கக் கூடுமா? காரணம் தருக.

(இ) இதே நீளமான அக்சன் முண்ணாணினுள் வெட்டப்பட்டிருந்தால் உமது விடை எவ்வாறு வேறுபடும்?

(ஆ) பகுதிக்கு 120 நாட்கள் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். வெட்டுண்ட முனையில் வளர்ச்சி தொடங்குவதற்கே சில நாட்கள் செல்லும். தையலைத் தாண்டும்போது தாமதிக்கும். தசையை அடைந்த பின்னரும் நரம்புத்தசைச் சந்தி மீள அமைய வேண்டும். (இ) பகுதிக்கான விடையை மேலே தேடி நீங்களே எழுதிப் பாருங்கள்.